ஐஃபங்க் ஃபங்ஷன்களில் பிரேக்பாயிண்ட் ஏன் நிற்பதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்ட்ர்லென்னில் பிரேக்பாயிண்ட் போட்டேன். நிரல் கடைசிவரை ஓடி முடிந்துவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை." லினக்ஸில் ஜிடிபி என்ற டீபக்கரை (நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது. பிரேக்பாயிண்ட் என்பது நிரல் ஓரிடத்துக்கு வந்ததும் அதை நிறுத்தச் சொல்லும் குறி, ஸ்ட்ர்லென் என்பது சரத்தின் நீளத்தைத் தரும் சி ஃபங்ஷன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஃபங்ஷன் இல்லை, ஓடும்போது முடிவாகிற ஃபங்ஷன், அதாவது ஐஃபங்க். டீபக்கர் பிரேக்பாயிண்டைத் தவறான இடத்தில் வைத்துவிடுகிறது.

நிற்காத பிரேக்பாயிண்டைச் சின்னத் தொல்லை என்று தள்ளிவிட முடியாது. "இந்த ஃபங்ஷனை யாரும் அழைக்கவே இல்லை" என்ற தவறான முடிவுக்கு அது ஆளைக் கொண்டுபோய்விடும். அதை நம்பி வேறெங்கோ தேடப் போனால் பிழை பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாது. அதனால் 2018-இல் ஜிடிபியில் செய்த திருத்தங்களை மையமாக வைத்து, இந்த விஷயத்தை அடிவரை போய்ப் பார்ப்போம்.

ஐஃபங்க் என்றால் என்ன?

ஒரே வேலையைச் செய்யும் பல வடிவங்கள் ஒரு லைப்ரரிக்குள் இருக்கலாம். லினக்ஸில் பரவலாக உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியின் 64 பிட் எக்ஸ்86 பதிப்பில் ஸ்ட்ர்லென்னுக்கு, சிபியுவின் கட்டளைத் தொகுப்புக்கு ஏற்ப, எஸ்எஸ்இ2 வடிவம் ஒன்று, ஏவிஎக்ஸ்2 வடிவம் ஒன்று, புதிய சிபியுக்களுக்கு இவெக்ஸ் வடிவம் ஒன்று என்று இருக்கின்றன. எது பொருத்தம் என்பது ஓடுகிற இயந்திரத்தில்தான் தெரியும். ஒவ்வொரு அழைப்பிலும் சோதித்துப் பார்த்தால் வேகத்துக்காகச் செய்த வேலையே வீணாகிவிடும். ஆகவே ஒரே ஒரு தடவை முடிவெடுத்து, அந்த முடிவைக் குறித்துவைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது.

எல்ஃப் (லினக்ஸ் நிரல் ஃபைல்களின் வடிவம்) சிம்பல் அட்டவணையில், அதாவது பெயர்களையும் முகவரிகளையும் சேர்த்து வைக்கும் பட்டியலில், சாதாரண ஃபங்ஷனின் வகை எண் 2, ஐஃபங்க்கின் வகை எண் 10. ஐஃபங்க் சிம்பலில் எழுதியிருக்கும் முகவரி, வேலை செய்யும் ஃபங்ஷனுடையது அல்ல. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் ரிசால்வருடையது. லைப்ரரிகளை ஏற்றும் டைனமிக் லோடர் ரிசால்வரை அழைக்கும், அது ஒரு முகவரியைத் திருப்பித் தரும், லோடர் அதைக் காட் அட்டவணையின் (அழைக்க வேண்டிய முகவரிகளை வைக்கும் இடம்) உரிய கட்டத்தில் எழுதும். அப்புறம் வரும் அழைப்புகள் எல்லாம் நேரே அந்த முகவரிக்குப் போகும். 2009-இல் ஜிலிப்சியிலும், லிங்கரைத் தரும் பின்யூட்டில்ஸிலும் இது வந்தது. ஜிசிசி கம்பைலரின் 4.6-லிருந்து நம் சொந்த நிரலிலும் ஓர் ஆட்ரிபியூட் போட்டு இப்படி எழுத முடிகிறது. முசல் சி லைப்ரரி இதை ஆதரிப்பதில்லை, ஆகவே அங்கே இந்தச் சிக்கலும் இல்லை.

கீழே மூன்று சொற்கள் அடிக்கடி வரும். பெயர் என்றால் பயனர் தட்டச்சு செய்வது, உதாரணமாக ஸ்ட்ர்லென். ரிசால்வர் என்றால் தேர்ந்தெடுப்பது. இலக்கு என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பிரேக்பாயிண்ட் விஷயத்தில் டீபக்கருக்கு இதில் என்ன கஷ்டம்?

பயனர் ஒரு பெயரைத் தருகிறார், டீபக்கருக்கு ஒரு முகவரி வேண்டும். சாதாரண ஃபங்ஷன் என்றால் சிம்பல் அட்டவணையைப் பார்த்தால் போதும். ஐஃபங்க்கில் அந்த அட்டவணை தருவது ரிசால்வரின் முகவரி. அங்கே பிரேக்பாயிண்ட் வைத்தால் இரண்டு விதமாகக் கெட்டுப்போகும்.

ரிசால்வர் இன்னும் ஓடவில்லை என்றால் பிரேக்பாயிண்ட் நிற்கும், ஆனால் லோடரின் நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில் நிற்கும். ஆர்கியுமெண்ட்களைப் பார்த்தால் சரமும் இருக்காது, நீளமும் இருக்காது. ரிசால்வர் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றால் அது இன்னொரு தடவை ஓடக் காரணமே இல்லை. இலக்கை ஆயிரம் தடவை அழைத்தாலும் பிரேக்பாயிண்ட் அமைதியாக இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது எந்தப் பிழைச் செய்தியும் தருவதில்லை.

புராசஸ் தொடங்கும் முன்பே பிரேக்பாயிண்ட் போட்டால் ஜிடிபி என்ன செய்கிறது?

இலக்கு எது என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஜிடிபிக்கும் தெரியாது. ஆகவே அது ரிசால்வரின் முதல் கட்டளையிலேயே பிரேக்பாயிண்டை வைத்துவிட்டு, அதற்கு ஒரு தனி வகையைக் கொடுத்துவிடுகிறது. "இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்" கொடுத்தால் வகை என்ற இடத்தில் வழக்கமான சொல்லுக்குப் பதில் "எஸ்டிடி ஜிஎன்யூ ஐஃபங்க் ரிசால்வர்" என்று காட்டும். இந்த ஏற்பாடு 2011-லேயே ஜிடிபிக்குள் வந்துவிட்டது.

நிரல் ஓடி, யாரோ ரிசால்வரை அழைக்கும்போது ஜிடிபி நிறுத்துகிறது, ஆனால் பயனருக்குச் சொல்வதில்லை. ரிசால்வர் எங்கே திரும்பப் போகிறதோ அந்த முகவரியில் உள்ளுக்குள் இன்னொரு தற்காலிக பிரேக்பாயிண்டை வைக்கிறது. ரிசால்வர் திரும்பியதும் அங்கே நின்று, திருப்பித் தந்த மதிப்பைப் படிக்கிறது. அதுதான் இலக்கின் முகவரி. அதைத் தன் நினைவகத்தில் குறித்துவைத்துக்கொண்டு, பயனரின் பிரேக்பாயிண்டை ரிசால்வரிலிருந்து தூக்கி இலக்கில் வைத்து, வகையையும் சாதாரண பிரேக்பாயிண்டாக மாற்றிவிடுகிறது. பயனர் கண்ணில் படுவது இலக்கில் நிற்பது மட்டும்தான். நல்ல வடிவமைப்பு இது, ஊகம் எதுவும் இல்லை. நிரல் தானாகச் செய்வதைக் கவனித்துத் தெரிந்துகொள்கிறது.

ஒரு எல்லையும் உண்டு. ஒரே இடத்தைக் கொண்ட பிரேக்பாயிண்டுக்குத்தான் இந்த மாற்றம் நடக்கும். ஒரே பெயர் பல லைப்ரரிகளில் கிடைத்து, ஒரு பிரேக்பாயிண்டுக்குப் பல இடங்கள் இருந்தால் ஜிடிபி அதைத் தொடுவதில்லை.

ஏற்கெனவே ரிசால்வ் ஆன பிறகு பிரேக்பாயிண்ட் போட்டால்?

ரிசால்வருக்காகக் காத்திருந்து பயன் இல்லை, அது முடிந்துபோன கதை. இலக்கை வேறு வழியில் கண்டுபிடித்தாக வேண்டும். ஜிடிபி இரண்டு இடங்களில் பார்க்கிறது. முதலில் தன் சொந்தக் குறிப்பு: முன்பே இந்தப் பெயரை இலக்கோடு சேர்த்துப் பதிந்திருக்கிறோமா? இல்லை என்றால் அடுத்து, லோடர் எழுதிவைத்த காட் அட்டவணை.

இரண்டாவதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. காட் அட்டவணை வெறும் முகவரிகளின் வரிசை, பெயர் எதுவும் அதில் இல்லை. எந்தக் கட்டம் எந்தப் பெயருக்கு என்பது ரீலொகேஷன் பதிவுகளில் (லோடர் எங்கே எந்த முகவரியை நிரப்ப வேண்டும் என்ற குறிப்புகளில்) இருக்கிறது. ஆகவே ஒரு ஃபைலைப் படிக்கும்போதே ஜிடிபி அந்த ரீலொகேஷன்களைப் புரட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தானாக ஒரு உள் சிம்பலை உருவாக்கிவைக்கிறது. பெயர் ஸ்ட்ர்லென் என்றால், அதன் பின்னால் ஒட்டாகக் "காட்.பிஎல்டி" சேர்ந்த சிம்பல் ஒன்று. பிறகு பயனர் ஸ்ட்ர்லென்னைக் கேட்டால், ஏற்றப்பட்ட ஒவ்வொரு ஃபைலிலும் அந்த உள் சிம்பலைத் தேடி, கட்டத்தில் இருக்கும் முகவரியைப் படிக்கிறது.

படித்ததை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முதல் அழைப்பின்போதுதான் முகவரியைத் தேடும் லேசி பைண்டிங்கில், அந்த அழைப்பு நடக்கும்வரை அந்தக் கட்டம் பிஎல்டிக்குள்ளேயே (அழைப்பைக் காட் கட்டம் வழியாகக் கடத்தும் சிறு துண்டுகள்) திரும்பச் சுட்டிக்கொண்டிருக்கும். ஜிடிபி இதையும் சோதிக்கிறது. முகவரி பிஎல்டியையே சுட்டினால் "இன்னும் ரிசால்வ் ஆகவில்லை" என்று எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் 2018 வரை என்னதான் உடைந்திருந்தது?

மேலே சொன்ன உள் சிம்பல்கள் பல இயந்திரங்களில் உருவாகவே இல்லை. காரணம் சின்னது, விளைவு பெரியது.

ஒரு ரீலொகேஷன் பகுதி, தான் எந்தப் பகுதியைத் திருத்துகிறது என்பதைத் தன் தலைப்பில் ஓர் எண்ணாக வைத்திருக்கும். பிஎல்டிக்கான ரீலொகேஷன்கள் இருக்கும் ".ரெலா.பிஎல்டி" பகுதியை ஜிடிபி தேடும்போது, அந்த எண் ".பிஎல்டி" பகுதியைச் சுட்டுகிறதா என்று பார்த்தது. ஒரு காலத்தில் லிங்கர்கள் அப்படித்தான் எழுதின. ஆனால் உண்மையில் திருத்தப்படுவது காட் கட்டங்கள்தான் என்பதால், எக்ஸ்86-64-இல் அந்த எண் ".காட்.பிஎல்டி" பகுதியைச் சுட்டத் தொடங்கியது. ஜிடிபி தேடிய எண் கிடைக்கவில்லை, ஆகவே "இந்த ஃபைலில் எதுவும் இல்லை" என்று பேசாமல் திரும்பிவிட்டது. உள் சிம்பல் இல்லை, காட் வழி இல்லை, இலக்கு தெரியவில்லை, பிரேக்பாயிண்ட் ரிசால்வரிலேயே தங்கிவிட்டது.

திருத்தம்: இரண்டில் எதைச் சுட்டினாலும் ஏற்றுக்கொள். சில வரிகள்தான். ஆனால் இந்த வரிகள் இல்லாமல் மற்ற எந்தத் திருத்தமும் பலன் தந்திருக்காது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆதரவு இருந்தது, டெஸ்ட்டும் இருந்தது, எந்த எச்சரிக்கையும் வராமல் அது செயலிழந்தும் இருந்தது என்பதுதான். தேடியது கிடைக்கவில்லை என்றால் பேசாமல் திரும்புவது டீபக்கரில் சாதாரணமாக நியாயமான நடத்தைதான். இப்படிப்பட்ட இடத்தில் அது பிழையை மூடி மறைத்துவிடுகிறது.

ரிசால்வருக்கு டீபக் தகவல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம் என்கிறார்களே, ஏன்?

ஜிடிபியிடம் இரண்டு தனித்தனிச் சிம்பல் உலகங்கள் இருக்கின்றன. ஒன்று எல்ஃப் அட்டவணையிலிருந்து வரும் மினிமல் சிம்பல்கள். இவற்றுக்குப் பெயர், முகவரி, வகை தெரியும். மற்றது ட்வார்ஃப் டீபக் தகவலிலிருந்து வரும் முழுச் சிம்பல்கள். இவற்றுக்கு வரி எண், ஆர்கியுமெண்ட், டைப் எல்லாம் தெரியும். "இது ஐஃபங்க்" என்ற செய்தி முதல் உலகத்தில் மட்டுமே இருக்கிறது. ட்வார்ஃபில் ரிசால்வர் ஒரு சாதாரண ஃபங்ஷன்.

ஒரே பெயரில் இரண்டும் கிடைத்தால் ஜிடிபி முழுச் சிம்பலைத்தான் விரும்பும். வழக்கமாக அது சரியான விருப்பம். இங்கே அதுவே பொறி. ரிசால்வரைப் பயனர் பெயரிலேயே எழுதி, அசெம்ப்ளர் கட்டளை வழியாக அதன் வகையை ஐஃபங்க் என்று மாற்றியிருந்தால், ட்வார்ஃபிலும் அதே பெயர் கிடைக்கும். ஜிடிபி அதை எடுத்துக்கொண்டு, புரோலாக்கை (ஃபங்ஷனின் தொடக்க ஏற்பாட்டுக் கட்டளைகளை) தாண்டி, ரிசால்வரின் முதல் வரியில் பிரேக்பாயிண்டை வைத்துவிடும். திரையில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் அழகாகத் தெரியும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

2018 திருத்தத்துக்குப் பிறகு, பெயரைத் தேடும் இடத்தில் ஜிடிபி ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறது: இந்த முழுச் சிம்பலின் தொடக்க முகவரியில் ஐஃபங்க் வகை மினிமல் சிம்பலும் இருக்கிறதா? இருந்தால் மினிமல் சிம்பல் சொல்வதுதான் செல்லும். இலக்கு தெரிந்திருந்தால் அங்கே வை, தெரியாவிட்டால் ரிசால்வரின் வாசலில் வை.

புரோலாக்கைத் தாண்டுவது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். சாதாரண ஃபங்ஷனில் ஸ்டேக்கை ஒழுங்கு செய்யும் முதல் சில கட்டளைகளைத் தாண்டி நின்றால்தான் ஆர்கியுமெண்ட்கள் சரியாகத் தெரியும், அது நல்ல பழக்கம். ரிசால்வரிலோ ஜிடிபி நிற்பது பார்ப்பதற்காக இல்லை, காத்திருந்து இலக்கைப் பிடிப்பதற்காக. பிரேக்பாயிண்டின் முகவரி ஒரு ஐஃபங்க் சிம்பலின் தொடக்கத்தோடு சரியாகப் பொருந்தினால்தான் அது ரிசால்வர் வகையாக மாறும். புரோலாக்கைத் தாண்டிவிட்டால் முகவரி பொருந்தாது. அது வெறும் பிரேக்பாயிண்டாகவே இருந்து, லோடர் நடுவில் பயனரை நிறுத்திவிடும். ஆகவே ரிசால்வராக இருந்தால் புரோலாக்கைத் தாண்டாதே என்பதும் அதே தொகுப்பில் சேர்ந்தது.

ஒரே முகவரியில் இரண்டு சிம்பல்கள் இருந்தால்?

ஜிசிசி ஆட்ரிபியூட் வழியாக எழுதினால் அப்படித்தான் ஆகும். ரிசால்வருக்கென்று ஒரு சாதாரண ஃபங்ஷன் சிம்பல், பயனர் பெயருக்கு ஐஃபங்க் சிம்பல், இரண்டுக்கும் முகவரி ஒன்றே. "இந்த முகவரியில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஜிடிபிக்குச் சாதாரண சிம்பலே முதலில் கிடைத்தது. விளைவு "ஸ்டெப்" கட்டளையில் தெரிந்தது. ஐஃபங்க்கை அழைக்கும் வரியில் ஸ்டெப் கொடுத்தால், ரிசால்வரைத் தாண்டி இலக்குக்குள் போவதற்குப் பதில் ரிசால்வருக்குள்ளேயே நின்றுவிட்டது. தேடும்போதே "எனக்கு ஐஃபங்க் வகைதான் வேண்டும்" என்று சொல்லும் வசதியைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள்.

ஏன் இத்தனை சுற்று? டீபக்கரே ரிசால்வரை அழைத்துக் கேட்டுக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கர் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. பிரேக்பாயிண்டை நிஜமாக வைக்கும் நேரத்தில், அந்தச் சிம்பல் மறைமுக வகை (ஐஃபங்க்) என்றால், புராசஸுக்குள் ரிசால்வரை ஓடவைத்து விடையை வாங்குகிறது. முடியாவிட்டால் எச்சரிக்கை காட்டுகிறது. ஜிடிபியும் "பிரிண்ட் ஸ்ட்ர்லென்(...)" போன்ற அழைப்புகளுக்கு, இலக்கு தெரியாத நிலையில் ரிசால்வரை அழைக்கத்தான் செய்கிறது. அங்கே பயனரே "இதை ஓட்டு" என்று கேட்டிருக்கிறார்.

பிரேக்பாயிண்ட் வைப்பது அப்படியல்ல. அது நிரலின் போக்கை மாற்றக்கூடாது என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஒரு லைப்ரரி ஏற்றப்படும்போது ஜிடிபி எல்லா பிரேக்பாயிண்ட்களையும் மறுபடி கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் புராசஸ் லோடரின் நடுவில் இருக்கும், ரீலொகேஷன்கள் பாதியில் இருக்கும். ரிசால்வர் வேறொரு ஃபங்ஷனை அழைத்தால், அதன் காட் கட்டம் இன்னும் நிரம்பாமல் இருக்கலாம். டீபக்கர் அழைத்ததாலேயே நிரல் விழுந்துவிடும். இன்னொன்று: டீபக்கர் ஒரு ஃபங்ஷனை ஓட்டும்போது, வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மற்ற த்ரெட்களும் கூடவே ஓடும். த்ரெட்கள் முந்திக்கொள்வதால் வரும் ரேஸ் பிழையைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது கேடு.

ஆர்கியுமெண்ட் சிக்கலும் இருக்கிறது. சில ஆர்க்கிடெக்சர்களில் லோடர் ரிசால்வருக்கு, சிபியுவின் திறன்களைச் சொல்லும் ஹெச்டபிள்யூகேப் மதிப்பை அனுப்பும். ஏஆர்ச்64-இல் (64 பிட் ஆர்ம்) இரண்டாவது ஆர்கியுமெண்டாக ஒரு ஸ்ட்ரக்சரின் முகவரியையும் அனுப்பும். டீபக்கர் இவற்றை அச்சு அசலாக அனுப்பாவிட்டால் ரிசால்வர் வேறு இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது பிரேக்பாயிண்ட் நிரல் பயன்படுத்தாத வடிவத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எனவே லோடர் என்ன முடிவெடுத்தது என்பதைக் காட் அட்டவணையிலிருந்து படிப்பதே நம்பகமான வழி என்பது என் கருத்து. அது கிடைக்காதபோது மட்டும் மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.

புதிய ஜிடிபி வைத்திருக்கிறேன், ஆனாலும் ஸ்ட்ர்லென்னில் நிற்கவில்லை. ஏன்?

முதலில் சந்தேகிக்க வேண்டியது சிம்பல் நீக்கிய சி லைப்ரரியை. காட் அட்டவணையிலிருந்து படித்த முகவரி, தனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சிம்பலின் சரியான தொடக்கமாக இருந்தால்தான் ஜிடிபி அதை இலக்காக ஏற்கும். "__ஸ்ட்ர்லென்_ஏவிஎக்ஸ்2" போன்ற இலக்குகள் லைப்ரரிக்கு வெளியே தெரியாத உள் சிம்பல்கள். வெளியே தெரியும் டைனமிக் சிம்பல் அட்டவணையில் அவை இருக்காது. முழு அட்டவணையை நீக்கிவிட்டால் அந்த முகவரி ஜிடிபிக்கு வேறு ஏதோ ஃபங்ஷனின் நடுப்பகுதி மாதிரித்தான் தோன்றும். ஆகவே ஏற்காமல் விட்டுவிடும்.

தீர்வு, ஜிலிப்சியின் டீபக் பேக்கேஜை நிறுவுவது, அல்லது டீபக் தகவலை வலைவழி தரும் டீபக்இன்ஃபோடி சர்வரிலிருந்து ஜிடிபியே இறக்கிக்கொள்ள அனுமதிப்பது. ஃபெடோராவில் லைப்ரரிக்குள்ளேயே சுருக்கி வைத்திருக்கும் மினி டீபக் தகவல் இருப்பதால், பல நேரம் கூடுதலாக எதுவும் தேவைப்படாது.

அடுத்து, உங்கள் நிரல் எப்படிக் கம்பைல் ஆனது என்று பாருங்கள். பிஎல்டி வேண்டாம் என்ற ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் காட் கட்டத்துக்கான ரீலொகேஷன் ".ரெலா.டின்" பகுதிக்குப் போய்விடும். ஜிடிபி உள் சிம்பல் உருவாக்குவது பிஎல்டி ரீலொகேஷன்களுக்கு மட்டும்தான். ஸ்டாட்டிக் லிங்க் செய்த நிரலிலும் இதே மாதிரி இடறும். அங்கே இருப்பது ஐரிலேட்டிவ் என்ற ரீலொகேஷன், எக்ஸ்86-64-இல் அதன் எண் 37. அதில் ரிசால்வரின் முகவரி மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் இல்லாததைப் பெயரால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த இரண்டு சூழலிலும் நிரல் தொடங்கும் முன்பே பிரேக்பாயிண்டைப் போட்டுவிடுங்கள். ரிசால்வர் மெயினுக்கு முன்னால் ஓடும்போது ஜிடிபி இலக்கைப் பிடித்துக்கொள்ளும்.

பிரேக்பாயிண்ட் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

போட்டவுடன் ஜிடிபி சொல்லும் வரியைப் படியுங்கள். "ஜிஎன்யூ இன்டைரக்ட் ஃபங்ஷன் ரிசால்வர்" என்று வந்தால் இலக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். நிரல் இன்னும் தொடங்கவில்லை என்றால் இது சரியே. நடுவில், அந்த ஃபங்ஷன் ஏற்கெனவே அழைக்கப்பட்ட பிறகு இப்படி வந்தால் அந்தப் பிரேக்பாயிண்டை நம்ப வேண்டாம்.

அழைப்பு நடக்கும் இடத்தை டிஸ்அசெம்பிள் செய்து, பிஎல்டி துண்டு எந்தக் காட் கட்டத்தைப் படிக்கிறது என்று பார்க்கலாம். அந்தக் கட்டத்தின் மதிப்பை "இன்ஃபோ சிம்பல்" கட்டளைக்குக் கொடுத்தால் இலக்கின் பெயர் வரும். அந்தப் பெயரிலோ, நட்சத்திரக் குறி போட்டு முகவரியிலோ நேரடியாக பிரேக்பாயிண்ட் வைக்கலாம்.

அவசரம் என்றால், பெயர் வடிவத்துக்குப் பொருந்தும் எல்லா ஃபங்ஷன்களிலும் பிரேக்பாயிண்ட் வைக்கும் "ஆர்பிரேக்" கட்டளையில் "__ஸ்ட்ர்லென்_" என்று தொடங்கும் எல்லாவற்றிலும் வைத்துவிடுங்கள். கொஞ்சம் முரட்டு வழிதான், ஆனால் எது ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். முடிவைச் சீக்கிரம் வரவைக்க வேண்டுமானால், எல்டி_பைண்ட்_நவ் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு கொடுத்து நிரலைத் தொடங்குங்கள். லேசி பைண்டிங் போய், எல்லாமே தொடக்கத்திலேயே ரிசால்வ் ஆகிவிடும்.

மெம்காப்பியில் வைத்தேன், மெம்மூவ் என்று காட்டுகிறது. தவறா?

தவறில்லை. இரண்டுமே நினைவகத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன்கள், எக்ஸ்86-64 ஜிலிப்சியில் இரண்டுக்கும் பல வடிவங்களில் ஒரே நிரல்துண்டுதான், ஒரே முகவரிக்கு இரண்டு பெயர்கள். ஜிடிபி அவற்றில் ஒன்றைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அந்த பிரேக்பாயிண்ட் மெம்மூவ் அழைப்புகளுக்கும் நிற்கும். எண்ணிக்கை பார்க்கிறவர்கள் இதில் ஏமாறக்கூடும்.

கெட்டைம்ஆஃப்டே போன்றவற்றில் என்ன நடக்கிறது?

எக்ஸ்86-64 ஜிலிப்சியில், நேரத்தைச் சொல்லும் இந்த ஃபங்ஷனும் "டைம்" என்ற ஃபங்ஷனும் ஐஃபங்க்குகள். இவற்றின் இலக்கு சி லைப்ரரியில் இல்லை, கர்னல் புராசஸுக்குள் வைத்துத் தரும் விடிஎஸ்ஓ பகுதியில் இருக்கிறது. வட்டில் அதற்கு ஃபைல் கிடையாது, ஜிடிபி நினைவகத்திலிருந்தே அதன் சிம்பல்களைப் படிக்கிறது. அந்தப் படிப்பு நடந்திருந்தால் பிரேக்பாயிண்ட் மற்றவை போலவே வேலை செய்யும்.

எனக்கு இலக்கு வேண்டாம், ரிசால்வரிலேயே நிற்க வேண்டும். முடியுமா?

முடியும், தேவையும் வரும். 2024 மார்ச்சில் வெளிவந்த, எக்ஸ்ஸெட் என்ற ஃபைல் சுருக்க லைப்ரரியின் பின்கதவு விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்ட நிரல்துண்டு, சிஆர்சி (தரவுச் சரிபார்ப்பு எண்) கணக்கிடும் ஃபங்ஷன்களின் ஐஃபங்க் ரிசால்வர்கள் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. ரிசால்வர் மெயினுக்கு முன்னால், லோடர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓடிவிடுகிறது என்பதுதான் அதற்கு வசதியாகப் போயிற்று. இப்படிப்பட்டதை ஆராய்கிறவருக்கு ரிசால்வரே முக்கியம்.

பெயரைக் கொடுத்தால் ஜிடிபி உதவி செய்வதாக நினைத்து இலக்குக்குத் தாவிவிடும். ஆகவே நட்சத்திரக் குறியோடு ரிசால்வரின் முகவரியைக் கொடுங்கள். முகவரியை வெளிப்படையாகக் கொடுத்த பிரேக்பாயிண்டை ஜிடிபி ரிசால்வர் வகையாக மாற்றுவதில்லை, சொன்ன இடத்திலேயே நிற்கும். லைப்ரரி ஏற்றப்பட்ட பிறகுதான் முகவரி தெரியும் என்பதால், லைப்ரரி ஏற்றம் நடக்கும்போதெல்லாம் நிற்கும் "ஸ்டாப் ஆன் சோலிப் இவென்ட்ஸ்" அமைப்பை 1 ஆக வைத்து, உரிய லைப்ரரி வந்ததும் போடுங்கள்.

பவர்பிசியில் வேறு ஏதாவது உண்டா?

64 பிட் பவர்பிசியின் பழைய ஏபிஐயில் (பைனரி இடைமுக விதிகளில்) ஃபங்ஷன் சிம்பல் நிரல் கட்டளைகளைச் சுட்டுவதில்லை, அவற்றின் முகவரியை வைத்திருக்கும் டேட்டா பகுதி டிஸ்கிரிப்டர் ஒன்றைச் சுட்டும். ஆகவே ஐஃபங்க் சிம்பலும் டேட்டாவில் போய் விழுகிறது. இதற்கென்று ஜிடிபியில் தனி சிம்பல் வகையைச் சேர்த்தார்கள், அதுவும் 2018-இல்தான்.

இந்தத் திருத்தங்கள் எந்தப் பதிப்பில் கிடைக்கின்றன?

2018 செப்டம்பரில் வெளிவந்த ஜிடிபி 8.2-இல் சேர்ந்தன. அதற்கு முந்தையது இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய சர்வர்களில் வேறு வழியில்லாதவர்கள், நிரல் தொடங்கும் முன்பே போடுவது அல்லது இலக்கின் முகவரியில் போடுவது என்ற இரண்டில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சொந்தமாக டீபக்கர் எழுதுகிறேன். இதற்கு டெஸ்ட் எப்படி எழுதுவது?

ஜிடிபியின் டெஸ்ட் தொகுப்பு விரிவாக்கப்பட்ட விதத்தையே பின்பற்றலாம். மூன்று விஷயங்களை மாற்றி மாற்றி வையுங்கள்: ரிசால்வர் தனிப் பெயரில் இருக்கிறதா அல்லது பயனர் பெயரிலேயே இருக்கிறதா, ரிசால்வருக்கு டீபக் தகவல் உண்டா, இலக்குக்கு உண்டா. இது மொத்தம் எட்டு சேர்க்கை. ஒவ்வொன்றிலும் ரிசால்வ் ஆவதற்கு முன் ஒரு தடவை, ஆன பின் ஒரு தடவை பிரேக்பாயிண்ட் போட்டுப் பாருங்கள். ஸ்டெப்பையும் டீபக்கருக்குள்ளிருந்து அழைப்பதையும் கூடவே சோதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிரேக்பாயிண்ட் போட முடிந்தது என்பதை மட்டும் சரிபார்க்கும் டெஸ்ட் போதாது. எந்த முகவரியில் வைத்தீர்கள் என்பதை இலக்கின் முகவரியோடு ஒப்பிட வேண்டும். நிரலை ஓடவிட்டு, உண்மையிலேயே இலக்கில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லேசி பைண்டிங் உள்ளது, எல்லாம் முன்பே பைண்ட் ஆவது என்று இரண்டு விதமாகவும் லிங்க் செய்து ஓட்டுங்கள். லிங்கர் பதிப்பு மாறும்போது மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் ரீலொகேஷன் பகுதி எதைச் சுட்டுகிறது என்பது உங்கள் கையில் இல்லை.